மூன்று மலைகளும் ஒரு லாரியும்

கற்கள் கலந்துபோனதற்கு ஃபெர்மின் சொன்ன காரணம்:
வறண்ட ஓடையைக் கடக்கையில் குறுக்கே ஒரு மாடு.
மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.
லாரிதான் படுத்துவிட்டது.
மூன்று சுரங்கத்து அகேட்டும் சாக்கைக் கிழித்துக்கொண்டு
சிவாவா வெயிலில் ஒரே குவியலாய்க் கிடந்தன,
மண்ணோடு பிடுங்கிய உருளைக்கிழங்குபோல.

"எல்லாம் கல்தானே, எதுவீஹெஸ்" என்றான்.
கல்தான்.
லகுனா என்றால் ஒரு விலை,
கொயாமிட்டோ என்றால் அதற்குச் சற்றுக் கீழே,
மொக்தெசுமா என்றால் பாதி.
தோன் அபுந்தியோ எனக்கு ஒன்பது நாள் கொடுத்தார்,
ஒரு வாளித் தண்ணீர்,
பிடி உடைந்த லென்ஸ்.

ஈரத்தில் எல்லாமே லகுனா.
தண்ணீர் சொல்லும் முதல் பொய் அது.
துடைத்து, காயவைத்து, நிறம் இறங்கிய பிறகு
மெதுவாகக் கேட்க வேண்டும்: நீ எந்த மலை?

லகுனாவுக்கு வரி நெருக்கம்.
சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குள்
எண்ணத் தொடங்கினால்
முப்பதைத் தாண்டும்போது கண் வழுக்கும்.
கொயாமிட்டோவின் சிவப்பு சண்டைக்கு நிற்கும்.
உள்ளே சிலதில் ஊசிக் கட்டுகள்,
எப்போதோ கரைந்துபோன வேறொரு கனிமத்தின் வடிவம்;
ஆள் போன பிறகும்
நாற்காலியை நகர்த்தாத வீடு.
மொக்தெசுமா குரல் உயர்த்தாது:
பீச் பழத்தோல், வெளிறிய ரோஜா,
வெண்ணெய் கலந்த மஞ்சள்.

இவ்வளவுதான் விதி.
நாலாம் நாள் கற்கள் விதியைக் கேட்பதை நிறுத்தின.
வெளிறிய லகுனா வந்தது.
நெருக்கமாய் வரிபோட்ட மொக்தெசுமா வந்து
என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.
ஆறாம் நாள் பதினோரு கற்களை
முதல் பெட்டியிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினேன்.
படுத்தவள் எழுந்து வந்து
நாலைத் திரும்ப வைத்தேன்.

பிறகு முகத்தை விட்டுவிட்டு முதுகைப் பார்த்தேன்.
தோலின் குழிகளில் தாய்ப்பாறையின் துணுக்கு
இன்னும் ஒட்டியிருக்கும்.
குண்டூசியால் நெம்பி
வெள்ளைத் துணியில் தேய்த்தால் புழுதி பேசும்:
ஒன்று சாம்பல், ஒன்று செங்கல்,
ஒன்று பழைய காப்பி.
உப்பா கற்பூரமா என்ற சந்தேகத்துக்கு
நாக்குதான் நீதிபதி; இதற்குத் துணி.

ஒன்பதாம் நாள் மாலை
முந்நூற்றுப் பன்னிரண்டு கல் மூன்று பெட்டியில்.
மேசையில் ஒன்று மட்டும்.

லகுனாவின் வரி.
மொக்தெசுமாவின் பீச்.
ஓரத்தில், வேண்டுமென்றே செய்ததுபோல்,
கொயாமிட்டோவின் ஊசி.
குழியை நெம்பினேன்.
துணியில் பச்சைப் புழுதி.
இன்னொரு முறை. பச்சை.

சீட்டில் எழுதினேன்: நோ சே.
தெரியாது என்று அர்த்தம்.
தோன் அபுந்தியோ சீட்டையும் என்னையும் பார்த்தார்.
"லகுனா என்று எழுதினால் கை வலிக்குமா?"
வலிக்கும் என்றேன்.
அவருக்கு போன் வந்தது. சீட்டு அப்படியே நின்றது.

ஜனவரியில் வந்தார் ஹோல்கர்,
ஜெர்மன்காரர், பையில் சொந்த விளக்கோடு.
லகுனாப் பெட்டியில் எட்டு எடுத்தார்,
இரண்டைத் திருப்பி வைத்தார்.
(அந்த இரண்டும் என் நாலில் இரண்டு.)
பிறகு மேசை ஓரத்தில் நின்றுவிட்டார்.
விளக்கைப் பிடித்தார். மூச்சு நின்றது. சீட்டைப் படித்தார்.

"நோசே. இந்தச் சுரங்கத்தை நான் கேள்விப்பட்டதில்லையே.
எந்தப் பக்கம்?"

தோன் அபுந்தியோ கண் சிமிட்டக்கூட இல்லை.
"வடக்கே. பாதை ரொம்ப மோசம்."

லகுனாவைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தார்.
இன்னும் ஐந்து கிடைக்குமா என்றார்.
அறை அமைதியானது.
வாசலில் சாய்ந்திருந்த ஃபெர்மின்
தொண்டையைச் செருமி,
"வியாழக்கிழமை" என்றான்.

சொல்லிவிட்டுத் தன் பூட்ஸைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
தையல் ஓரமெல்லாம் பச்சைப் புழுதி.

மாடு என்றல்லவா சொன்னான்.